ஜூன் 12, ஜூன் 30, ஜூலை 16: சேலம் பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் பதிப்புகளுக்குச் செய்தி எழுதும் நிருபர்களுக்கும், அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் புள்ளியியல் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவள். நெல் வயலில் கயிறு பிடித்து அளந்ததும், மழைமானிக் கணக்கை நோட்டில் ஏற்றியதும், சந்தையில் விலை விசாரித்து எழுதியதும்தான் என் உத்தியோகம். இன்றும் காலையில் காப்பியோடு முதலில் பிரிப்பது உங்கள் மாவட்டப் பக்கத்தைத்தான். அதில் தினம் வரும் ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சராசரி என்ற சொல்.

மேட்டூரிலிருந்து தொடங்குகிறேன். 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 அன்று திறப்பு. இதெல்லாம் சேலத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். முன்பொரு முறை ஒரு செய்தியில், "சராசரியாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும் மேட்டூர் அணை" என்று ஒரு வரி வந்தது. படித்தவுடன் பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கணக்கைப் புதுப்பித்து வருகிறேன். இப்போது என் கையில் இருப்பது 2016 முதல் 2025 வரையான பத்து ஆண்டுக் கணக்கு.

2016இல் செப்டம்பர் 20. 2017இல் அக்டோபர் 2. 2018இல் ஜூலை 19. 2019இல் ஆகஸ்ட் 13. 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12. 2022இல் மே 24. 2023இல் மறுபடி ஜூன் 12. 2024இல் ஜூலை 28. 2025இல் ஜூன் 12.

முதலில் கூட்டி வகுத்துப் பார்ப்போம். ஜூன் 12ஐப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாள் தள்ளிப்போனது என்று எண்ண வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பூஜ்ஜியம். ஐந்து ஆண்டுகளில் 37, 46, 62, 100, 112 நாள் தாமதம். 2022இல் மட்டும் 19 நாள் முன்கூட்டியே. தாமதங்களைக் கூட்டி, முந்தியதைக் கழித்தால் 338. பத்தால் வகுத்தால் 33.8 நாள். ஆக, சராசரித் திறப்பு நாள் ஜூலை 16ஐ ஒட்டி வருகிறது.

இனி அதே நாள்களை முந்தியது முதல் பிந்தியது வரை வரிசையாக நிறுத்துங்கள். ஐந்தாம் இடத்தில் ஜூன் 12 நிற்கும், ஆறாம் இடத்தில் ஜூலை 19 நிற்கும். பத்து இரட்டைப்படை எண் என்பதால் நடுவில் ஒரே நாள் நிற்காது. இரண்டுக்கும் நடுவைப் பிடித்தால் ஜூன் 30 வருகிறது.

கடைசியாக, எந்த நாள் அதிக முறை வந்தது என்று மட்டும் பாருங்கள். ஜூன் 12, நான்கு முறை. வேறெந்த நாளும் இரண்டாவது முறை வரவில்லை.

ஒரே அணை, ஒரே பத்து ஆண்டு, மூன்று விடைகள். மூன்றும் சரிதான், ஏனென்றால் மூன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை. அந்தச் செய்தியில் வந்த ஜூன் 12 சராசரி நாள் ஆகாது. அது அதிக முறை வந்த நாள். அதைவிடச் சரியாகச் சொன்னால் அது வழக்கமான நாள், மரபாக வைத்திருக்கும் நாள். குறுவைக்குத் தண்ணீர் எப்போது வேண்டும் என்பதை வைத்து வந்த தேதி அது. பத்து ஆண்டைக் கூட்டி வகுத்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சராசரி நாளான ஜூலை 16இலோ இந்தப் பத்து ஆண்டில் ஒரு முறைகூட அணை திறக்கவில்லை!

தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று விடலாமா, காத்திருக்கலாமா என்று யோசிக்கும் ஒருவர் உங்கள் செய்தியைப் படிக்கிறார் என்று வையுங்கள். "சராசரியாக ஜூன் 12" என்றால் அவருக்கு நம்பிக்கை வரும். பத்தில் ஐந்து ஆண்டு ஜூலை 16 வரைகூடத் தண்ணீர் திறக்கவில்லை என்ற செய்தி அந்த ஒரு சொல்லுக்கு அடியில் மறைந்துபோகிறது.

இந்த மூன்றுக்கும் நம் பள்ளிப் பாடநூலில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. உங்களில் பலர் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். கூட்டி வகுப்பது கூட்டுச் சராசரி. வரிசையில் நடுவே நிற்பது இடைநிலை அளவு. அதிக முறை வருவது முகடு.

முகடு என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அஸ்தம்பட்டி மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். எந்த எண் எத்தனை முறை வந்தது என்று படமாக வரைந்தால் கோடு அந்த மலை மாதிரிதான் ஏறி இறங்கும். அது எங்கே உச்சிக்குப் போகிறதோ அதுவே முகடு. கார்ல் பியர்சன் 1895இல் ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'மோடு'. அந்தச் சொல்லைக் கேட்டால் படம் கண்ணில் வராது. நம் சொல்லைக் கேட்டால் வருகிறது.

இடைநிலைக்கு ஆங்கிலத்தில் 'மீடியன்'. இதையும் நீங்கள் தினம் எழுதுகிறீர்கள். "கொண்டலாம்பட்டி அருகே சென்டர் மீடியனில் மோதி கார் கவிழ்ந்தது." சாலையின் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நடுவில் மீடியன். கணக்கில் வரும் மீடியனும் அதேதான். வரிசையில் நிற்கும் ஆட்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று அது கேட்காது, எத்தனையாவது ஆள் என்று மட்டும்தான் கேட்கும். அதனால்தான் கடைசியில் நிற்பவர் கோடீஸ்வரர் ஆனாலும் நடுவில் நிற்பவரின் எண் அசைவதில்லை.

சராசரி நம் சொல்லாகிவிட்டாலும் வெளியிலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'சராசர்' என்றால் ஒரு தலையிலிருந்து மறு தலை வரை, அதாவது முழுவதும். மராத்தியிலும் இதே பொருளில் 'சராசரி' என்றுதான் சொல்கிறார்கள். முழுவதையும் அள்ளிச் சமமாகப் பரப்பினால் ஆளுக்கு எவ்வளவு என்ற எண்ணம் அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. கூட்டி வகுப்பதற்கு அது பொருத்தமான சொல். சிக்கல் என்னவென்றால், நம் பேச்சில் அந்தச் சொல் வேறு ஒரு வேலையும் செய்கிறது. சராசரி மனிதன் என்கிறோம். சராசரி மாணவன் என்கிறோம். அங்கே சராசரி என்றால் சாதாரண ஆள், நம்மைப் போல ஒருவர். உங்கள் செய்தியில் வரும் எண்ணை வாசகர் இந்தப் பேச்சுப் பொருளில்தான் படிக்கிறார். எண் ஒரு பொருளில் அச்சாகிறது, இன்னொரு பொருளில் மனதில் ஏறுகிறது. நான் இந்த மடலை எழுதுவதே இதற்காகத்தான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவர் தறிக்காரர். சேலம் குகைப் பகுதியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது ஒரு கல்லூரியின் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒரு குறிப்பிட்ட பிரிவில் வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்களின் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 5.76 லட்சம் என்று அதில் இருந்தது. கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் பொய் எழுதவும் இல்லை. அவர் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நம்ம பையன் என்னங்கக்கா, பெரிய கெட்டிக்காரனும் இல்ல, மக்கும் இல்ல. சராசரிப் பையன். அவனுக்கு இந்தச் சராசரிச் சம்பளம் கெடைச்சாப் போதுங்க."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கணக்கு வேலையில் இத்தனை வருடம் இருந்தவள், அந்த எண்ணை விசாரிக்காமல் "சேர்த்துவிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கல்விக் கடன் வாங்கிச் சேர்த்தார்.

நான்கு வருடம் கழித்து, முன்பு அந்தப் பிரிவில் படித்த ஒரு பெண்ணிடமிருந்து அந்த ஆண்டின் விவரம் தெரிந்தது. வேலை கிடைத்தவர்கள் 25 பேர். ஒருவருக்கு 42 லட்சம். இருவருக்குத் தலா 18 லட்சம். மீதி 22 பேருக்கும் தலா 3 லட்சம். கூட்டினால் 144 லட்சம், 25ஆல் வகுத்தால் 5.76 லட்சம். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் 25 பேரில் 22 பேர் அந்தச் சராசரியில் ஏறக்குறைய பாதிதான் வாங்கினார்கள். நடுவில் நின்ற பதின்மூன்றாவது ஆளுக்கு 3 லட்சம். அதிகம் பேர் வாங்கியதும் 3 லட்சம். எதிர்வீட்டுப் பையனுக்கும் அதேதான் கிடைத்தது. மாதம் 25 ஆயிரம், பிடித்தம் போகக் கையில் அதைவிடக் குறைவு, அதில் கடன் தவணை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "நம்ம பையன் சராசரிகூட இல்ல போலிருக்குங்க" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் நூற்றுக்கு நூறு நடுவில் நிற்கும் பையன். ஒரு சொல் அவனைக் கீழே தள்ளிவிட்டது.

அந்த விளம்பரம் விளம்பரமாக மட்டும் வந்திருந்தால் உங்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதே எண் அந்தக் கல்லூரியின் விழாச் செய்தியிலும் வந்தது, தலைப்பிலேயே. "இடைநிலைச் சம்பளம் எவ்வளவு? நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது?" என்று நிருபர் ஒருவர் கேட்டிருந்தால் போதும். அடுத்த மே மாதம் இந்த மாதிரி விழாக்களுக்குப் போகும்போது தயவுசெய்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்து மழை. இதில் இரண்டு சொற்கள் குழம்புகின்றன, சராசரி ஒன்று, இயல்பு இன்னொன்று.

மழை பெய்த மறுநாள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து உங்களுக்குப் பட்டியல் வரும். நிலையம் வாரியாக மழையளவு, கீழே மொத்தம், அதற்கும் கீழே சராசரி. ஒரு பேச்சுக்குப் பதினைந்து நிலையங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டில் 96 மி.மீ., மலையடிவாரத்தில் மூன்று இடங்களில் 15, 12, 12. மற்ற பதினோரு இடங்களில் ஒரு சொட்டும் இல்லை. மொத்தம் 135, சராசரி 9 மி.மீ. "மாவட்டத்தில் சராசரியாக 9 மி.மீ. மழை" என்று செய்தி போகும். வறண்ட வயலில் நிற்கும் ஆத்தூர்க்காரர் அதைப் படிப்பார். நடுவில் நிற்கும் நிலையத்தில் மழை பூஜ்ஜியம் என்பதுதான் அவருடைய ஊரின் கதை. ஏற்காட்டையும் சமவெளியையும் ஒரே கூட்டலில் போடும்போது இது நடக்காமல் இருக்காது. மலையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,500 மி.மீ., கீழே ஆயிரத்துக்குள். இந்த மாதிரி நாளில் சராசரியைச் சொல்லாமல், "பதினைந்தில் நான்கு இடங்களில் மட்டும் மழை, ஏற்காட்டில் அதிகம்" என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும்.

இயல்பு மழை என்பது வானிலைத் துறையின் சொல். அவர்கள் நீண்ட கால மழையைக் கூட்டி வகுத்து ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். நாடு முழுவதுக்குமான தென்மேற்குப் பருவமழைக்கு 1971 முதல் 2020 வரை 50 ஆண்டுச் சராசரி 87 செ.மீ. மாவட்ட அளவில் அந்தச் சராசரியைவிட 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு என்ற வகையிலேயே வரும். 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால்தான் பற்றாக்குறை. ஆக, இயல்பு என்பது ஒற்றைப் புள்ளி கிடையாது, அகலமான ஒரு பட்டை. "இயல்பைவிட 12 விழுக்காடு குறைவு, மக்கள் கவலை" என்று தலைப்பு போட்டால், அதே துறையின் கணக்கில் அந்த ஆண்டு இயல்பான ஆண்டாகவே இருக்கும். அப்புறம், இயல்பு என்றால் வழக்கமாகப் பெய்வது என்று பொருளாகாது. கூட்டி வகுத்து வந்த எண் அது. எந்த ஒரு ஆண்டும் அச்சு அசலாக அப்படிப் பெய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்காட்டுத் தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். காப்பி பூக்க வேண்டிய மார்ச், ஏப்ரலில் மழை ஏமாற்றிவிட்டு நவம்பரில் சேர்த்துக் கொட்டினால், ஆண்டுக் கணக்கு இயல்பு என்று சொல்லும். செடியில் காய் இருக்காது.

இதற்குள் நான் சராசரிக்கு எதிரி என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. என் உத்தியோகக் காலம் முழுக்கச் சராசரி எடுப்பதற்கே வயலில் இறங்கினேன். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. ஊரில் குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் பிடித்து, அதில் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எழுதுவோம். இப்படிப் பல வயல்களின் எடையைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது சராசரி விளைச்சல். அதைச் சாகுபடிப் பரப்பால் பெருக்கினால் மாவட்டத்தின் மொத்த நெல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இடைநிலையை வைத்தோ முகட்டை வைத்தோ இந்த வேலையைச் செய்ய முடியாது. சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் திரும்பக் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அந்தக் குணம் இல்லை. அணைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, ஆலைக்கு எத்தனை டன் குச்சிக்கிழங்கு வரும், ரேஷனுக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்பவை எல்லாம் மொத்தக் கேள்விகள். அங்கே சராசரிதான் ராஜா.

ஒரு ஆளின் நிலையைச் சொல்லும்போதுதான் அது கைவிடுகிறது. கெங்கவல்லிப் பக்கம் ஒரு ஊரில் நான்கு வயலில் அறுத்தோம். மூன்று வயலுக்கு ஆழ்துளைக் கிணறு இருந்தது. எடை 14, 13, 13 கிலோ. நான்காவது வயலுக்கு மழையை விட்டால் வேறு வழியில்லை. 2 கிலோ. கூட்டினால் 42, வகுத்தால் 10.5 கிலோ. அந்த நான்காவது வயல்காரர் பிற்பாடு என்னைச் சந்தையில் பார்த்துக் கேட்டார். "எங்க வயல்ல நீங்கதானங்கம்மா அறுத்தீங்க, ரெண்டு கிலோன்னு நீங்கதான எழுதினீங்க. அப்புறம் எங்க ஊருக்குப் பத்தரைன்னு எப்படி வந்துச்சு?" நான் விளக்கினேன். அவருக்குப் புரிந்தது, ஆறுதலாக இல்லை. பயிர்க் காப்பீட்டில் ஊரின் விளைச்சலைத்தான் பார்ப்பார்கள். அதை ஒப்பிடும் அளவுகூட ஒரு வகைச் சராசரிதான். கடந்த ஏழு ஆண்டில் நல்ல விளைச்சல் கண்ட ஐந்து ஆண்டை மட்டும் எடுத்து, அதன் சராசரியில் குறிப்பிட்ட விழுக்காட்டை வரம்பாக வைக்கிறார்கள். மோசமான இரண்டு ஆண்டை விட்டுவிடுவதால் அந்த அளவு விவசாயிக்குச் சாதகமாகவே அமைகிறது. பாருங்கள், சராசரி என்ற பெயருக்குள்ளேயே இத்தனை ரகம். காப்பீட்டுச் செய்தி எழுதும்போது "ஏழு ஆண்டுச் சராசரி" என்று சுருக்கிவிடாதீர்கள். அது ஏழில் சிறந்த ஐந்தின் சராசரி.

சந்தை விலைக்கு வருகிறேன். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் மூன்று விலை போடுகிறார்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம், 'மோடல்' விலை. மூன்றாவது, அன்றைக்கு அதிக வரத்து எந்த விலைக்குப் போனதோ அந்த விலை, அதாவது முகட்டு விலை. இதைச் சிலர் சராசரி விலை என்று எழுதுகிறார்கள். சிலர் 'மாடல்' என்று படித்து மாதிரி விலை என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். குறைந்ததையும் அதிகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதைச் சராசரி என்று போடுவதும் நடக்கிறது. அது இன்னும் மோசம். தலைவாசல் சந்தையில் ஒரே ஒரு பெட்டி நல்ல தக்காளி அன்றைக்கு எக்கச்சக்க விலைக்குப் போயிருந்தால், அந்த ஒற்றைப் பெட்டி உங்கள் சராசரியைத் தூக்கி நிறுத்திவிடும். தக்காளியை ஏற்றிக்கொண்டு போகலாமா என்று யோசிப்பவருக்கு வேண்டியது முகட்டு விலை. "பெரும்பாலான பெட்டிகள் இந்த விலைக்குப் போயின" என்று எழுதுங்கள், அது போதும். முகடு என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் இதைப் பாடநூல் இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். குழந்தைக் கொலுசு ஐந்து, ஆறு அங்குலம். பெரியவர்களுக்குப் பத்து, பத்தரை. கூட்டி வகுத்தால் எட்டு அங்குலம் வரும் என்பதற்காக எட்டு அங்குலக் கொலுசை யாரும் மூட்டை மூட்டையாகச் செய்து வைப்பதில்லை. அங்கே இரண்டு முகடு இருக்கிறது, நடுவில் பள்ளம். சராசரி அந்தப் பள்ளத்தில் போய் விழுகிறது.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஏஜென்சி செய்தியில் 'ஆவரேஜ்', 'மீன்', 'மீடியன்', 'டிபிக்கல்', 'நார்மல்' என்று ஐந்து சொல் வந்தால் ஐந்தும் தமிழில் சராசரி ஆகிவிடுகிறது. 'மீன்' என்றால் கூட்டுச் சராசரி, சராசரி என்றே எழுதலாம். 'மீடியன்' என்று வந்தால் கட்டாயம் நிறுத்தி யோசியுங்கள். அமெரிக்கக் குடும்ப வருமானம் என்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை முன்னிறுத்துவது மீடியன். அதைச் சராசரி வருமானம் என்று போட்டால் எண்ணே தப்பாகிவிடும். இந்தியர்களின் 'மீடியன் ஏஜ்' 28ஐ ஒட்டியது என்றால், நாட்டில் பாதிப் பேர் அந்த வயதுக்குக் கீழே என்று பொருள். அப்படியே எழுதினால் சராசரி வயது என்று எழுதுவதைவிட அழகாகவும் இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. 'டிபிக்கல்' என்றால் வழக்கமான, பொதுவான. 'ஆவரேஜ்' மட்டும் ஏமாற்றுக்காரச் சொல். ஆங்கிலத்திலேயே அதை மூன்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாவிட்டால் மூலத்தைத் தேடிப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுவதே மேல்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் இடை என்றால் கூட்டுச் சராசரி, இடையம் என்றால் நடு அளவு, ஆகாரம் என்றால் முகடு. உங்கள் இணையப் பதிப்பை யாழ்ப்பாணத்திலும் படிக்கிறார்கள், அங்கே எழுதுவதை நீங்களும் எடுத்துப் போடுகிறீர்கள். நம் இடைநிலையும் அவர்கள் இடையும் ஒன்று என்று எண்ணிவிட்டால் எண்கள் இடம் மாறிவிடும். அதனால்தான் சொல்லோடு கூட ஒரு விளக்கத்தையும் போடச் சொல்கிறேன். "நடுவில் இருப்பவரின் வருமானம்", "கூட்டி வகுத்தால் தலைக்கு" என்று எழுதிவிட்டால் எந்த ஊர்த் தமிழருக்கும் குழப்பம் வராது.

ஆயுள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டை ஒட்டி இருந்தது என்று சுதந்திர தினக் கட்டுரைகளில் வரும். படிக்கும் பிள்ளைகள் அந்தக் காலத்தில் முப்பத்திரண்டு வயதில் எல்லாரும் இறந்துபோனார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் பேத்தி என்னிடம் அப்படித்தான் கேட்டாள். "அப்புறம் உங்க பாட்டி எப்படி எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்க?" நடக்கத் தொடங்கும் முன்பே இறந்த குழந்தைகள் ஏராளம். அந்தச் சின்ன எண்கள்தான் சராசரியைக் கீழே இழுத்தன. கட்டுரையில் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், அந்தக் காலத்துத் தாய்மார்கள் பட்ட துயரமும் எண்ணோடு சேர்ந்து வாசகரிடம் போய்ச் சேரும்.

ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் 1907இல் செய்த ஒரு கணக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் பிளிமத் ஊர்க் கண்காட்சியில் ஒரு மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தால் எடை எவ்வளவு வரும் என்று கூட்டத்தை ஊகிக்கச் சொன்னார்கள். நம் கொங்கணாபுரம் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வார்களே, அந்த மாதிரி. தேறிய சீட்டுகள் 787. கால்ட்டன் அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் இருந்ததை எடுத்தார். 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் நடுவில் நிற்பவரின் சொல்லே ஊரின் சொல் என்பது அவருடைய நியாயம். சராசரி எவ்வளவு என்று பிற்பாடு ஒருவர் கேட்டபோது அதையும் மறைக்காமல் சொன்னார். 1,197. அவர் பிடித்த இடைநிலையைவிடச் சராசரி உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது. எது நடு, எது சராசரி என்று பெயர் சொல்லிச் சொன்னதால்தான் நூறு வருடம் கழித்தும் நாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்தை மூட வேண்டும், தலைப்புக்கு நான்கு சொல்தான் இடம். அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அதிகாரியோ கல்லூரியோ ஒரு சராசரியைக் கையில் கொடுத்தால், "இது கூட்டி வகுத்ததா, நடுவில் நிற்பதா?" என்று ஒரு முறை கேளுங்கள். கூட்டி வகுத்ததற்கு மட்டும் சராசரி என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். மரபாக நடப்பதற்கு வழக்கம் என்ற சொல் இருக்கிறது. இயல்பு என்ற சொல்லை மழை, வெயில் செய்தியில் வானிலைத் துறை சொல்லும் பொருளில் மட்டும் எழுதுங்கள்.

வரும் ஜூன் மாதம் மறுபடி மேட்டூர்ச் செய்தி எழுதுவீர்கள். அணை எந்தத் தேதியில் திறந்தாலும், பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி போட்டு இந்தப் பத்து ஆண்டுத் தேதிகளையும் அச்சிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் ஒரு வரி போதும்: "வழக்கமான நாள் ஜூன் 12; கடந்த பத்து ஆண்டில் அந்த நாளில் திறந்தது நான்கு முறை." தேதிப் பட்டியல் வேண்டுமென்றால் என் நோட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்